துணைக்கு ஒரு பொம்மை

உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் தேதியும் கிழமையும் மட்டும்தான் இருக்கின்றன. நல்ல நாளா, ஆகாத நாளா என்று நாளின் குணத்தைப் போடவில்லை. அரசாங்க அலுவலகம் என்றால் அப்படித்தான். எங்கள் தொழிலில் இதை வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. குறையாகச் சொல்லவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது. நீங்களே போட்டீர்களா? உங்கள் வயதில் இப்படிப் பக்குவமாக யாரும் போடுவதில்லை.

சரி, சொல்கிறேன். என் பெயர் ஹோசுமி கனாயே. வகாயாமா கடற்கரையில், எங்கள் சின்ன ஊரில் இருக்கும் ஒரே இறுதிச்சடங்கு மண்டபம் என் கணவர் குடும்பத்துடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிணத்தைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, தலைவாரிப் பெட்டியில் வைப்பது என் வேலை. என் கை பட்டால் செத்தவர் முகத்தில் தூக்கக்களை வந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எனக்குப் பிணம் என்றால் பயம். பழகிவிடும் என்றார் மாமியார். பழகவே இல்லை. ஒவ்வொரு முறை முகத்தைத் துடைக்கும்போதும் இந்தக் கண் இப்போது திறந்துகொள்ளும் என்றுதான் நினைப்பேன். கை நடுங்காமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

கணவருக்கு நன்றாகத் தெரியும். தேய்ஜி தமாஷ் பேர்வழி. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு யாரையாவது சிரிக்க வைக்காவிட்டால் சோறு இறங்காது. எங்கள் சவப்பெட்டிகளில் முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், இரண்டு குட்டிக் கதவுகளோடு. அவர் காலிப் பெட்டிக்குள் படுத்து மூடிக்கொள்வார். நான் துணியோடு துடைக்க வரும்போது உள்ளேயிருந்து மூன்று தட்டு. பிறகு கதவு திறக்கும். நாக்கைத் துருத்திக்கொண்டு முகம். நான் அலறுவேன், வேலையாட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "பொணத்தோட குடித்தனம் பண்றா, பொணம்னா பயமாம்," என்பார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அவரும் சிரித்துவிடுவார். சிரிப்பு வந்ததும் விளையாட்டு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஜாம்பிப் படம் எங்கள் மண்டபத்துக்கு வந்ததும் அவரால்தான். இயக்குநர் ஒகினோ டோக்கியோவிலிருந்து வந்த பெண். ஜாம்பிகளை வைத்து ஊரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசை, கையில் காசு கிடையாது. அவள் ஒரு சிக்கலில் இருந்தாள். "நம்ம ஊர்ல எல்லாரையும் எரிச்சுடறோம் அண்ணா. மண்ணப் பொளந்துக்கிட்டு எழுந்து வர எவன் இருக்கான்? சாம்பல்தான் எழுந்து வரணும்," என்று என் கணவரிடம் புலம்பினாள். தேய்ஜி உடனே வழி சொன்னார். உறவினர் கண்விழிக்கும் துக்க இரவுக்கும் தகனத்துக்கும் நடுவே பிணம் பெட்டியில்தானே இருக்கிறது, அப்போது எழட்டும் என்றார். படத்தின் பெரிய வேடிக்கையும் அவர் கொடுத்ததுதான். எங்கள் வழக்கப்படி உறவினர்கள் கல்லால் தட்டிப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறார்கள். உள்ளேயிருந்து ஜாம்பி தட்டுகிறது. இவர்கள் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக் குனிந்து வணங்கிவிட்டு மறுபடி அடிக்கிறார்கள். அது மறுபடி தட்டுகிறது. எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு சிரிப்பு. அந்த ஜாம்பியாகத் தானே படுப்பதாகவும் பேச்சு முடித்துவிட்டார்.

ஒத்திகைகளைப் பார்க்கப் போனேன். ஊர்க்காரர்கள்தான் ஜாம்பிகள். மீன்கடைக்காரர் முகமெல்லாம் பச்சை பூசிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்து, கடிக்கப் போகிற ஆளிடம் தன் பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டுகிறார். செத்தும் அலுவலகப் பழக்கம் போகவில்லையாம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எழுந்து வரும் பிணத்தைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நாட்களில் வேலை செய்யும்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை. அதற்காக அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்போதுதான் தேய்ஜி இறந்தார். நிலவறையில் இருக்கும் குளிர் அறைக்கு இறங்கும் படியில் விழுந்தார். தலையில் அடி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தகனம் வைக்க வேண்டிய நாள் தோமோபிகி. உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு எரித்தால் செத்தவர் பிடித்தமான ஒருவரைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போவார் என்பார்கள். தகனக்கூடமே அன்று திறக்காது. எங்கள் மண்டபமும் அன்று காலியாக இருக்கும் என்பதால்தான் படப்பிடிப்பையும் அன்றைக்கு வைத்திருந்தார்கள். ஒகினோ வந்து தரையில் நெற்றி பட வணங்கி, நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். அவர் அவ்வளவு ஆசையாக இருந்த படம், நடக்கட்டும் என்றேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வீட்டில் ஆள் நடமாட்டம் வேண்டியிருந்தது. கீழே அவர் இருந்தார். மேலே நான் தனியாக இருந்தேன்.

எரிக்காவிட்டாலும் அந்த நாள் அந்த நாள்தானே. அப்படித் தங்கும் பிணத்தோடு எங்கள் பக்கத்தில் ஒரு பொம்மை வைப்போம். துணைக்கு ஆள் தேடினால் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று. அன்று காலையில் எழுந்ததும் அலமாரியைத் திறந்தேன். பொம்மை இல்லை. படக்காரர்களின் மேசையில் கிடந்தது, ஒரு கண்ணைப் பிடுங்கி, வாயில் சிவப்புச் சாயம் பூசி. தேய்ஜிதான் வேடிக்கைக்கு இருக்கட்டும் என்று கொடுத்தாராம். இறுதிச்சடங்குச் சாமான் விற்கும் மொத்தக் கடைக்குத் தொலைபேசினேன். அவர்களுக்கும் அன்று விடுமுறை.

விளையாட்டுச் சாமான் கடையில் ஒன்று வாங்கியிருக்கலாமே என்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் தேய்ஜி அந்தப் பொம்மைகளைத் தூக்கிக் காட்டி, "இதப் பாத்து ஏமாற செத்தவன் என்ன பச்சப்புள்ளயா?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தவர். அவரைத் துணியும் பஞ்சும் ஏமாற்றாது. அவர் தேடினால் என்னைத்தான் தேடுவார், ஐயா.

அவருக்குப் பதிலாக நடிக்க ஓசாகாவிலிருந்து மினேகாவா ஷோட்டா வந்தான். மேடையில் இரட்டையராக நகைச்சுவை செய்தவன். கூட்டாளி விட்டுப்போய்விட்டான். ஒப்பனைப் பெண்ணுக்குப் பிண நிறம் சரியாக வரவில்லை, நான் பூசிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தான். மூச்சு விட்டுக்கொண்டிருந்தான் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பூசிக்கொண்டிருக்கும்போதே பேசினான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்கு மூடின எடம்னா கொஞ்சம் ஒதறும்."

எனக்கும் பயம் உண்டு என்றேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அப்ப இன்னைக்கு ராத்திரி எப்படித் தனியா இருப்பீங்க? கவலய விடுங்க அக்கா. இன்னைக்கு மாமாவுக்கு நான் தொண. அவர் வேஷம்தானே போடறேன்."

அவனேதான் சொன்னான். நான் கேட்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. ஜன்னலைத் திறக்கும்போது புகை வழிய வேண்டும் என்று ஒகினோ கேட்டிருந்தாள். அவர்களிடம் ஒரு புகை இயந்திரம் இருந்தது, சும்மா நீராவி. உலர்பனிக்கட்டிதான் அழகாக இருக்கும், நாங்கள் தினமும் பிணத்துக்கு வைப்பதுதானே என்றேன். தொழில்காரி சொல்கிறாள், யார் மறுப்பார்கள்? அது கரைந்து வரும் காற்று பெட்டிக்குள் தேங்கி மூச்சை அடைக்கும் என்பதும், பெட்டிக்குள் முகத்தை விடாதீர்கள் என்று துக்கத்துக்கு வருகிறவர்களை நாங்கள் தடுப்பதும் அதனால்தான் என்பதும் படக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெள்ளைத் துணிக்கு அடியில் நானே வைத்தேன். ஜன்னலுக்குத் தூசி விழாமல் பொருத்தும் கண்ணாடியையும் பொருத்தினேன். ஆணி அடிக்கும் கைகள் பழகிய கைகளாகத் தெரிய வேண்டும் என்று ஒகினோ விரும்பினாள். அதனால் படத்தில் தெரிபவை என் கைகள். பாதி அடித்த ஆணி கேமராவில் தெரிந்துவிடும். முழுதாகவே அடித்தேன்.

மூடுவதற்கு முன் ஷோட்டா கேட்டான். "அக்கா, நான் தட்டினா தொறந்துடுவீங்கல்ல?"

"தட்டறதுதானே ஒன் வேஷம். கட் சொன்னதும் தொறக்கறேன்," என்றேன். பொய் சொல்லவில்லை.

இயக்குநர் கட் என்று சொல்லும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது படக்காரர்களின் ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான். அவன் தட்டினான். உறவினராக நடித்தவர்கள் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். நான் கல்லால் அடித்தேன். அவன் மறுபடி தட்டினான். பிறகு வேகமாகத் தட்டினான், உதைத்தான். பெட்டி ஆடியது. மீன்கடைக்காரர் கண்ணீர் வழிய உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். ஒளிப்பதிவாளரின் தோள் குலுங்கியது. ஒகினோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு நன்றாக நடிக்கிறவனை யார் நிறுத்துவார்கள்?

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருப்பது ஷோட்டா என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில் தட்டல் மெதுவாகி, மூன்று மூன்றாக வந்தது. அது தேய்ஜி தட்டும் விதம். என் கையிலிருந்த கல் வியர்வையில் வழுக்கியது. இப்போது ஜன்னல் திறக்கும், நாக்கைத் துருத்திக்கொண்டு அவர் பார்ப்பார் என்று நினைத்தேன். நான் அடிப்பதை நிறுத்தவில்லை. பயத்தில்தான் அடித்தேன், வன்மத்தில் இல்லை.

கட் என்றாள். எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். அது ஷோட்டாவின் கடைசிக் காட்சி. கடைசிக் காட்சி முடித்த நடிகருக்குப் பூங்கொத்து கொடுப்பது அவர்கள் வழக்கம். உதவி இயக்குநர் பூங்கொத்தோடு பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, மினேகாவா ஷோட்டா இத்தோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறார் என்று உரக்க அறிவித்தார். கை தட்டினார்கள். ஆணியை நெம்பி எடுக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்கள். மூடி திறந்த பிறகும், அவன் இன்னும் நடிக்கிறான் என்று கொஞ்ச நேரம் தட்டினார்கள்.

பாவம்தான். நல்ல பிள்ளை. ஆனால் அன்றிரவு நான் கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கம் தூங்கினேன்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கணவர் அன்பானவர்தானே, அவர் உங்களை இழுத்துக்கொள்வார் என்று ஏன் அவ்வளவு பயந்தீர்கள் என்று. இப்போது சொல்கிறேன்.

அவர் விழுந்தபோது நான் படியின் மேலே இருந்தேன். கீழே, குளிர் அறை வாசலுக்குள் பாதி உடம்பாகக் கிடந்தார். "கனாயே, கால் அசையல. வெளயாட்டு இல்ல, சத்தியமா. யாரயாவது கூப்பிடு," என்றார். சத்தியம் என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். சிரிப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். இறங்கிப் போய் அவர் காலை உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். தாழ்ப்பாளும் போட்டேன், பதில் விளையாட்டாக. மேலே வந்து தேநீர் போட்டுக் குடித்தேன். கீழே தட்டும் சத்தம் கேட்டது, மூன்று மூன்றாக. அவர் இன்னும் சிரிக்கவில்லை, அதனால் விளையாட்டு முடியவில்லை என்றுதான் நினைத்தேன். கதவை விடிந்த பிறகுதான் திறந்தேன். தாழ்ப்பாள் போடும்போதே அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். அவருடைய கால் சில்லென்று இருந்தது. அவர் பயந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். போதுமா? கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். பரிசோதனை முடியாததால் ஷோட்டாவின் உடல் இன்னும் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது என்று காவலர் பேசிக்கொண்டு போனார். உங்கள் நாட்காட்டியில் போடாவிட்டாலும் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். நாளைக்குத் தோமோபிகி. அவன் நல்லவன், கோபம் இருக்காது. ஆனாலும் அவனுக்கு மூடின இடம் என்றால் பயம், துணை தேடத்தான் தேடுவான். என்னைத் தனி அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாளை முழுக்க நீங்கள் இங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தேநீரை நான் போட்டுத் தருகிறேன். நீங்களும் அவன் வயதுதான் இருப்பீர்கள்.