எறா சிப்ஸுக்கு அஞ்சு ஸ்டார்

நீலா: போலாரம் ஏரியா முழுக்கச் சொல்லியாச்சா, இல்ல இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?

ஜம்புநாதன்: பேப்பர்காரர் ஒருத்தர்தான். காலையில பிடிச்சுடுவேன்.

நீலா: தின்பண்டத்துக்கு ரிவ்யூ எழுதினதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்...

ஜம்புநாதன்: லேசா சொல்றே! மாசாமாசம் ஜப்பான் பலகாரப் பெட்டி வாங்குற அத்தனை பேரும் எழுதின போட்டி. முதல் பரிசு யாருக்கு? ஜம்புநாதன் பொண்டாட்டிக்கு!

நீலா: நீலாவுக்குன்னு சொல்லுங்க.

ஜம்புநாதன்: ஹவ், ஹவ், சரிதான்... நீலாவுக்கு. அடுத்த மாசப் பெட்டிக்குள்ள உன் போட்டோ போட்ட கார்டு. திரிபுரா வீட்டுக்கும் போகும்.

நீலா: உங்க தங்கச்சியும் வாங்குறாளா?

ஜம்புநாதன்: நான்தான் வாங்கச் சொன்னேன். வயிறு எரியட்டும்... ஆமா, அப்படி என்னதான் எழுதினே? ஸ்ரீஜா எனக்குக் காட்டவே இல்ல.

நீலா: உங்க மக இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பினா. நான் எழுதின தமிழ் இந்தா போன்ல இருக்கு. கண்ணாடியைப் போடுங்க.

ஜம்புநாதன்: "எறா சிப்ஸுக்கு அஞ்சு ஸ்டார்..." நீலா!

நீலா: ம்.

ஜம்புநாதன்: நாம சைவம்!

நீலா: பெட்டியில இருக்குறது எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் எழுதணும். போட்டி ரூல்.

ஜம்புநாதன்: தெரியாமத் தின்னுட்டேன்னு சொல்லிடு. ஜப்பான் எழுத்து, யாருக்குப் புரியும்...

நீலா: பாக்கெட் மேல எறா படம் இருக்குங்க. இத்தாம் பெரிசு.

ஜம்புநாதன்: சரி, மேல... "புது எறா லேசா இனிக்கும். இதுவும் இனிக்குது." கைக்கு நீலா, எதுக்கு இதெல்லாம்? இந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லு.

நீலா: நக்கோ, முடியாது. பரிசே அந்த வரிக்குத்தான். இப்ப கம்பெனியிலேர்ந்து கூப்பிட்டு, கார்டுல போடலாமான்னு கேப்பாங்க. வேண்டாம்னா பரிசு அடுத்த ஆளுக்கு.

ஜம்புநாதன்: அண்ணிக்கு எப்படி இந்த ருசி தெரியும்னு திரிபுரா கேப்பாளே!

நீலா: கேட்டா சொல்லிக்கறேன்.

ஜம்புநாதன்: முதல்ல எனக்குச் சொல்லு.

நீலா: ஆபீஸ்ல... பக்கத்து சீட் ஹம்சாவோட டப்பா. வெள்ளிக்கிழமைன்னா எறா வறுவல். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. ரிட்டயர் ஆகுற வரைக்கும்.

ஜம்புநாதன்: அதுவும் வெள்ளிக்கிழமையா!

நீலா: திட்டுறதுன்னா இப்பவே திட்டி முடிங்க, போன் அடிக்குது. ஆனா வரியும் நிக்கும், என் பேரும் நிக்கும். சொல்லிட்டேன்.

ஜம்புநாதன்: எடு, எடு. தாராளமா போடச் சொல்லு... ஆனா எறாவுல தலைப்பக்கம்தானே இன்னும் இனிக்கும்? அதைப் போய் எழுதாம விட்டுட்டியே!