நான்காவது ஸ்கிரீன்

கணினியில் படம் வரையும் கோரல் டிரா மென்பொருளைக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பத்தொரு மணி நேரம் ஆனது. கும்பகோணத்துக் கணினி மையங்களில் அதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேகமாகக் கற்பவள் இல்லை. எதை வைத்துப் படிப்பது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டது பூச்சிமருந்து பாட்டிலில் இருந்த லேபிளைப் பற்றி. நான் பாடத்திலிருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் லேபிள் புரியும். மனைவி அம்சத்தை விஷம் வைத்துக் கொன்றதாகக் காத்தானை இருபத்துமூன்று நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவரை விடுவதா வேண்டாமா என்பது நான் சொல்வதில் இருக்கிறது. அதனால் எதையும் விடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

என் பெயர் செம்மொழி. வேதியியல் பட்டம். அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். நான் வயலில் இறங்கியதில்லை. சேற்று வாடை எனக்கு ஆகாது. நக இடுக்கில் கறுப்பாகச் சேறு இருக்கும் கையால் சோறு போட்டால் சாப்பிடமாட்டேன். அம்மா போட்டாலும் அப்படித்தான். அம்மா அதற்காகவே எனக்குக் கரண்டியால் போடுவாள்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆள் பார்க்காத வேலையாகத் தேடினேன். குடவாசலில் ஷேக் பரீத் பாய் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். ஷார்ஜாவில் பதினோரு வருடம் விளம்பரப் பலகை எழுதிவிட்டுத் திரும்பியவர். கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், இவைதான் கடையின் வேலை. இரண்டாயிரமாவது ஆண்டில் கணினி வாங்கி வைத்து, அதன்மேல் துணி போர்த்தியிருந்தார்.

"நான் மை தள்ளுன கைம்மா. மவுஸைப் புடிச்சா அது எலி மாதிரி ஓடுது. கத்துக்க என்ன வேணுமோ நீயே பாத்து வாங்கு. அப்புறம் எனக்கும் சொல்லிக்குடு. திட்டாம சொல்லிக்குடுக்கணும்."

கும்பகோணத்துக்கு நான்கு முறை பஸ்ஸில் போய்வந்தேன். ஆங்கிலத்தில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பட்டாம்பூச்சிக்கு நிழல் போடுவதற்கு அதில் ஒரு அத்தியாயம். தமிழில் ஒன்று, 'இந்தப் பட்டனை அழுத்தவும், படம் மாறும்' என்று இருநூறு பக்கம். எதற்காக அழுத்த வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. பக்க ஓரங்களில் எச்சில் தொட்டுப் புரட்டிய விரல் தடம் இருந்தது. குறுந்தகடு ஒன்றைப் பாய் சென்னையிலிருந்து வரவழைத்தார். மூக்கடைத்த குரலில் ஒருவன் ரோஜா வரையச் சொல்லிக்கொடுத்தான். கணினி மையத்தின் குறிப்பேடோ நகலுக்கு நகல் எடுத்தது. படங்கள் கறுப்புக் கறையாக இருந்தன.

ஒன்றும் எங்கள் வேலைக்கு ஆகாது. ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. அதில் பசை தடவி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் இருந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியாக மை இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ரொம்ப மெல்லிய கோடு துணியில் நிற்காது. அடுத்தடுத்த நிறங்கள் மயிரிழை விலகினாலும் அசிங்கமாகத் தெரியும். இதை அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் அறிந்திருக்கவில்லை.

ஆகவே நான் லேபிள்களைத் தேர்ந்தெடுத்தேன். யாரோ வேலை தெரிந்தவர்கள் வரைந்து, அச்சாகி, கடைக்கு வந்த பொருள். அதைப் பார்த்து அப்படியே கணினியில் மறுபடி வரைந்தால், வரைந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்துவிடும். முதலில் அப்பளக் கட்டு. பிறகு ஊறுகாய், சோப்புத்தூள். அப்புறம் வேப்பெண்ணெயில் செய்த ஒரு பூச்சிமருந்து. கடைசியாகக் கதிர்ப்பூச்சிக்கு அடிக்கும் கடுமையான மருந்து ஒன்று. வாய்க்கால் கரையில் கிடந்த காலி பாட்டிலைக் குச்சியால் தள்ளிப் பைக்குள் போட்டு எடுத்துவந்தேன். அழுகிய பூண்டு வாடை. லேபிளை உரித்தபின் மூன்று முறை கை கழுவினேன். சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

ஆனால் அதுபோல் ஒரு பாடம் வேறு கிடையாது. எறும்பு போல எழுத்து, நெற்கதிர்ப் படம், நான்கு நிறம். மூலையில் ஒரு சாய்சதுரம். அதன் மேல் பாதியில் மண்டையோடு, கீழ்ப் பாதியில் சிவப்பு முக்கோணம். எல்லா மருந்திலும் அந்தக் கட்டம் உண்டு. கீழே உள்ள நிறம்தான் விஷத்தின் அளவு. சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், பிறகு நீலம். பச்சை குறைந்தது. வேப்பெண்ணெய் மருந்தில் பச்சை இருந்தது.

நாற்பத்தொன்றாவது மணி நேரத்தில் அந்த லேபிளை முடித்தேன். பாய் அதைக் கலர் பிரிண்ட் எடுத்துவரச் செய்து சுவரில் ஒட்டினார்.

துரைக்கண்ணு உரக்கடைக்காரர். ரசீதுப் புத்தகம் அடிக்க வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"பாய், இதென்ன, பாட்டில்லேர்ந்து உரிச்சதா?"

"நம்ம செம்மொழி வரைஞ்சதுங்க."

"அடேங்கப்பா. கம்பெனிக்காரன் பாத்தா பொண்ணு கேட்டு வந்துருவான்." வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிய என் பக்கம் திரும்பினார். "மழைல நனைஞ்சு நம்ம கடைச் சரக்குல லேபிளெல்லாம் பிஞ்சுபோச்சு தங்கச்சி. ஒரு நானூறு போட்டுக் குடுத்துடேன்."

"அது வேணாங்க," என்றார் பாய். "கம்பெனி லேபிள நாம அடிக்கப்படாது. ரசீது அடிக்கிறேன், வாங்கிக்குங்க."

பாய்மேல் எந்தத் தவறும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தங்கை மகள் நிக்காவுக்கு அவர் கூத்தாநல்லூர் போன இரண்டு நாளில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். துரைக்கண்ணு டிரம்மில் மருந்தை மொத்தமாக வாங்கிப் பழைய பாட்டில்களில் ஊற்றுகிறார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய சட்டையிலும் அந்தப் பூண்டு வாடை இருந்தது. கூலிக்காக நான் செய்யவில்லை. பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

நிறம் நான்கு. பச்சை, நீலம், கறுப்பு, சிவப்பு. கடையில் காலியாக இருந்த சட்டங்கள் மூன்று. சிவப்பு வந்தது ஒரே இடத்தில், சுண்டுவிரல் நகமளவு முக்கோணத்தில். மண்டையோட்டின் பல் வரிசை அந்த அளவில் துணியில் நிற்காமல் மை அடைத்துக்கொண்டது. அடித்துப் பார்த்தேன். எச்சில் துப்பியதுபோல் இருந்தது. நான் போட்ட லேபிளில் அப்படி ஒன்று இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

கணினியில் வேப்பெண்ணெய் லேபிளின் கட்டம் தயாராக இருந்தது. மண்டையோடு இல்லை, 'எச்சரிக்கை' என்று ஒரு சொல், கீழே பச்சை. அதை எடுத்து இதில் வைத்தேன். அளவுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே பச்சை ஸ்கிரீன் இருந்ததால் மூன்றே ஸ்கிரீனில் வேலை முடிந்தது.

நான்காவது ஸ்கிரீன் போட்டிருக்க முடியும். முடித்த சட்டம் ஒன்றைக் கழுவி மறுபடி பசை தடவ வேண்டும். இரண்டு மணி நேர வேலை. கழுவும்போது பழைய பசை சளியைப் போல வழிந்து விரலில் ஒட்டும், மஞ்சள் தண்ணீர் காலில் தெறிக்கும். எனக்கு அது அருவருப்பு. பாய் இருந்தால் அவர் கழுவுவார். அவர் இல்லை.

துரைக்கண்ணு லேபிளை வாங்கும்போது கவனித்தார்.

"செவப்பு எங்க?"

"அதுக்குத் தனியா ஒரு ஸ்கிரீன் வேணும்ணே."

அவர் சிரித்தார். "பச்சையே இருக்கட்டும். இப்பல்லாம் இந்தப் பொம்பளைங்க செவப்பப் பாத்தாலே வேற குடுங்குறாளுவ. என்னமோ பெரிய ஆபீசரு மாதிரி பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாக்குறாளுவ."

நான் லேபிள்களை எண்ணிக் கொடுத்தேன். நானூறும் ஒன்றுபோல் இருந்தன. ஒரு லேபிளில்கூட நிறம் விலகவில்லை.

அந்தப் பாட்டில்களில் ஒன்றைத்தான் கீழப்பாதி கிராமத்துக் காத்தான் வாங்கினார். குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் அடித்ததுபோக அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை அம்சம் பேனுக்காகத் தலையில் தடவிக்கொண்டு, துணியைச் சுற்றிக்கட்டி, வாசலில் உட்கார்ந்து நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் வாயில் நுரை தள்ளிவிட்டது. தலையில் பேன், அதற்கு வயலுக்கு அடிக்கிற மருந்து. கேட்டபோது எனக்கு முதலில் வந்தது அருவருப்பு. இரக்கம் பிறகுதான் வந்தது. வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மருத்துவர் கடும் விஷம் என்று எழுதினார். பாட்டிலில் பச்சை முக்கோணம். பச்சை மருந்தில் ஆள் சாகாது, அதனால் புருஷன்தான் வேறு எதையோ கலந்திருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று காத்தானும், போனால் திரும்பி வராதே என்று அம்சமும் அதற்கு முதல்நாள் தெருவே கேட்கச் சண்டை போட்டிருந்தார்கள். உங்கள் கணக்கு தவறு என்று சொல்லமாட்டேன். லேபிள் உண்மையாக இருந்தால் அது சரியான கணக்கு.

வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தபோது நீங்கள் கடைக்கு வந்தீர்கள். பாட்டிலை மேசையில் வைத்தீர்கள்.

"இது ஒரிஜினலா, இல்ல இங்க உள்ளூர்ல எவனாச்சும் அடிச்சதா?"

"பெரிய மெஷின்ல அடிச்சது சார். நம்ம ஊர்ல இவ்வளவு சுத்தமா வராது."

"செத்த பொம்பளையத் தெரியுமா?"

"தெரியாது சார்."

நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். என் அச்சைக் கம்பெனி அச்சு என்று நீங்கள் நம்பியதில் அன்று முழுக்க நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எதையும் விடாமல் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் அம்சத்தின் அக்கா தங்கம்மாள் கடைக்கு வந்தார். வயலிலிருந்து நேரே வந்திருந்தார். காலிலிருந்த சேறு தரையில் காய்ந்து உதிர்ந்தது. முந்தானையிலிருந்து தங்கையின் ஓட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

"கருமாதி நோட்டீஸ் அடிக்கணும் பாப்பா. இவ மொகம் நல்லாத் தெரியணும்."

"வேற போட்டோ இல்லீங்களா?"

"எங்கேர்ந்து? இதுல மொறைச்சுக்கிட்டு இருக்கா. கம்பியூட்டர்ல சிரிக்க வைக்கலாமாமே?"

"முடியாதுங்க."

"சரி விடு. அவ என்ன சிரிச்ச மூஞ்சிக்காரியா? இப்படியே இருக்கட்டும். அப்பதான் அவன்னு நம்புவாங்க."

நான் அளவெடுத்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"காத்தான் கை நீட்டுவான்தான். இவளும் சும்மா இருக்க மாட்டா, ஆப்பையத் தூக்கி வீசுவா. ஆனா கொல்ற ஆளு இல்ல பாப்பா. கோழி அறுக்கணும்னாகூட எங்கிட்ட குடுத்துட்டு அந்தாண்ட போயி நிப்பான். இதைப் போலீசுல சொன்னா சிரிக்கிறாங்க. புள்ளைங்க ரெண்டும் அப்பன் எங்கன்னு கேக்குதுங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அட்டையில் இருந்த முகத்தை ஸ்கேன் செய்தேன். கறையை நீக்கினேன். நெற்றியில் விழுந்த கோட்டைச் சரி செய்தேன். முகம், பெயர் எல்லாம் கறுப்பு. ஒரே நிறம், ஒரே ஸ்கிரீன். ஒழுங்காகத்தான் வந்தது. தங்கம்மாள் நோட்டீஸ் கட்டை வாங்கி, மேலே இருந்த முகத்தைச் சேற்று விரலால் தடவினார். ஒரு தாள் வீணானது. நான் அதை எடுத்துவிட்டு வேறு தாள் வைத்தேன்.

அதற்குப் பிறகும் பதினொரு நாள் சும்மாதான் இருந்தேன். துரைக்கண்ணு மிச்சப் பாட்டில்களைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கோ அனுப்பிவிட்டார். எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவற்றை நீங்கள் உடனே தேட வேண்டும்.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்கிறீர்கள். தங்கம்மாள் கடையைவிட்டு இறங்கும்போது சொன்ன ஒன்றை இதுவரை நான் சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஸ்கிரீன், சட்டம், மை என்று சொன்னால் அது வேலையில் வந்த பிழை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்குள் எழுதிவைத்திருக்கிறேன்.

அவர் சொன்னது இதுதான்: "பாக்காம வாங்கிட்டான்னு சொல்றாங்க. இவளும் கூடத்தானே போனா. கடையிலேயே பாட்டில வாங்கித் திருப்பிப் பாத்திருக்கா. 'பச்சைதான்யா, செம்மொழி டீச்சர் சொன்ன பச்சை'ன்னு அவதான் வாங்கச் சொன்னாளாம்."

கல்லூரி மூன்றாம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் பத்து நாள் கீழப்பாதியில் நடந்தது. வேதியியல் மாணவி என்பதால் பூச்சிமருந்தைப் பற்றிப் பேச என்னைத் தள்ளிவிட்டார்கள். எதிரே நாற்பது பெண்கள், முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. கரும்பலகையில் நான்கு முக்கோணம் வரைந்தேன். என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு முன்னால் நடுங்காமல் பேசியது அந்த ஒரு நாள்தான். முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நிறத்தையும் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பெண்ணின் பெயரைக் கேட்டேன். அம்சம் என்றாள்.

படிக்கத் தெரிய வேண்டாம், நிறத்தைப் பார்த்தால் போதும், சிவப்பைத் தொடாதீர்கள், பச்சைக்குப் பயப்படாதீர்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.