நாங்கள் சிரித்தோம்

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து பேசுவோர் பெயரையும் பேசியதையும் குறித்துக்கொள்ளும் பெரியவர்களே, என் கட்டுரையைத் திருத்திய வகுப்பாசிரியை அவர்களே, பிள்ளை மேடையேறினால் தம் நெஞ்சு படபடக்கும் தாய்மார்களே, தோழியரே, இந்த மண்டபத்தில் இருக்கை ஒதுக்கப்படாத என் சித்தி அவர்களே! அனைவரையும் அச்சத்தோடு வணங்குகிறேன்.

என் வலக்கையில் ஒரு தாள் இருக்கிறது. தலைமையாசிரியர் கையெழுத்திட்டுத் தந்த ஒற்றுமை நாள் உரை அது. இடக்கையில் இருப்பது நானே எழுதியது. போர்வைக்குள் எழுதியதால் வரிகள் கோணல். கருத்தில் கோணல் இல்லை.

எனக்குத் தந்த தலைப்பு ‘நாம்’. நான் பேசப்போவதோ ‘நாங்கள்’.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் நாங்கள். பேசப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த இந்த வேறுபாடு சென்ற ஆண்டு குற்றமாயிற்று. ‘நாங்கள்’ பிரிவினைச் சொல்லாம், யாரையோ வெளியே நிறுத்தும் சொல்லாம். இனி எல்லோருக்கும் ‘நாம்’ ஒன்றே போதும் என்று ஆணை வந்தது.

என் அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். பாடநூல் புரூஃப்கள் கட்டுக்கட்டாக வந்தன. ‘நாங்கள்’ என்பதையெல்லாம் அடித்து ‘நாம்’ என்றும், ‘எங்கள்’, ‘உங்கள்’ என்பதையெல்லாம் அடித்து ‘நம்’ என்றும் போட வேண்டும். ஒரு மாலை, சாப்பிடும்போது அப்பா ஒரு வரியைப் படித்துக் காட்டினார். ‘நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம்’ என்ற பாடவரி, திருத்தத்துக்குப் பின், ‘நாம் நம் வீட்டுக்கு வருகிறோம்’ என்று ஆகியிருந்தது.

“அப்ப இனிமே யாரும் கதவத் தட்டவே வேணாம், அத்தான்” என்றார் சித்தி.

அம்மாவுக்குப் புரையேறியது. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். இந்த இடத்தில் பின்வரிசையிலும் யாராவது சிரிப்பீர்கள் என்று எழுதும்போதே நினைத்தேன். சிரியுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

சித்தி கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவர். பணிந்தால் போதும் என்று நிற்காமல், வீட்டுக்குள்ளும் மனத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆட்சியை அவர் முற்றதிகாரம் என்பார். அது எங்கிருந்து முளைக்கிறது என்பதே அவர் நடத்திய பாடம். துணி மடித்துக்கொண்டே எனக்கும் சொல்லியிருக்கிறார்.

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? ஒரே கட்சி, ஒரே கொள்கை, ஒரே குரலில் எல்லாச் செய்தித்தாள்களும், எங்கும் ஒற்றர்கள் என்று அதன் அடையாளங்களைத் தொகுத்தார்கள் சிலர். எல்லோரும் ஒரே மனமாக வாழலாம் என்ற அழகிய கனவிலிருந்தே அது பிறக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, தனிமையில் பிறக்கிறது, அக்கம்பக்கத்து உறவறுந்து ஒவ்வொருவரும் ஒற்றையாய் உதிர்ந்து கிடக்கும் இடத்தில்தான் அது வேர் பிடிக்கிறது என்றார்கள் வேறு சிலர். எந்த ஆட்சியும் முற்றிலுமாக ஆண்டதில்லை, அத்தகைய நாடுகளிலும் அடுக்களையில் கேலிப் பேச்சு நடந்தது, ஆகவே அந்தப் பெயரே மிகை என்றவர்களும் உண்டாம்.

இதில் எது சரி என்று கேட்டேன். சித்தி ஒரு சட்டையை மடித்து அடுக்கினார். “கடைசியா சொன்னவங்க சரியா இருக்கணும்னு எனக்கு ஆசைடி” என்றார்.

அவையோரே! அது எங்கே முளைக்கிறது என்று என்னைக் கேளுங்கள். என் கட்டுரை நோட்டில், பதினேழாம் பக்கத்தில்!

‘வீட்டில் ஒரு மாலை’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஆணைப்படி எல்லா இடத்திலும் ‘நாம்’ போட்டேன். ஓரிடத்தில் மட்டும் கை ஓடவில்லை. ‘அப்போது நாம் சிரித்தோம்’ என்று எழுதினேன், அடித்தேன். படிக்கப்போகிறவர் ஆசிரியை, அவர் அங்கே சிரிக்கவில்லையே! செய்யாததைச் செய்ததாக ஒருவர் மேல் எழுதலாமா? பிழை திருத்துபவரின் மகளல்லவா நான்? ‘நாங்கள் சிரித்தோம்’ என்றே எழுதினேன்.

ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். குரலில் கோபமில்லை.

“நாங்கன்னு எழுதியிருக்கியேம்மா, யார் யாரு?”

அப்பா, அம்மா, சித்தி, நான் என்றேன்.

“எதுக்குச் சிரிச்சீங்க? யார் முதல்ல சொன்னது?”

“சித்திதான் டீச்சர்” என்றேன். பெருமையாகச் சொன்னேன். அதுதான், அவையோரே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை. ஆசிரியை அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். வட்டம் நெளிந்திருந்தது, அவருக்கும் அச்சம்தான். அவரை நான் நோகவில்லை.

நான்காம் நாள் மூவர் வந்தார்கள். கதவைத் தட்டவில்லை. “நாம கொஞ்சம் போய்ப் பேசிட்டு வரலாம்” என்றார் ஒருவர். அவர் கையில் என் நோட்டு. சித்தி அதை வாங்கி, வட்டமிட்ட வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“இதுல பிழை ஒண்ணுமில்லடி. அழாத” என்றார். போனார். இன்றோடு ஏழு மாதம்.

இப்போது எங்கள் வீட்டில் பன்மையே இல்லை. ‘நான் சாப்பிட்டாச்சு, நீ சாப்பிடு’ என்கிறார் அப்பா. அம்மா தனியே சாப்பிடுகிறார். ஒரே கூரையின் கீழ் மூன்று ‘நான்’கள். தனிமையில் முளைக்கிறது என்ற அறிஞர்களே, அது முளைத்த பிறகு தனிமையைத்தானே விளைவிக்கிறது? ‘நாங்கள்’ என்று சொல்ல நாலு பேர் இல்லாதவனைத்தானே ‘நாம்’ என்று மந்தையில் சேர்க்க முடிகிறது?

வலக்கைத் தாளுக்கு வருகிறேன். அதில் கடைசி வரி இது: ‘என் சித்தி நம்மில் ஒருத்தி அல்லள்.’ இதை நான் உரக்கச் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அப்பாவின் வேலை நிலைக்குமாம்.

பெரியவர்களே, யாரையும் வெளியே நிறுத்தாத சொல் என்றீர்களே! எல்லோரையும் அணைக்கும் சொல் என்றீர்களே! அந்தச் சொல்லுக்குள் என் சித்திக்கு இடமில்லையா? மெலிந்த உருவம்தான். கொஞ்சம் இடம் போதும். இல்லையென்றால் அந்தச் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சொல்லில் அவருக்கு இடம் இருக்கிறது. அவரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

தாய்மார்களே, என்னோடு நிற்க உங்களை அழைக்கவில்லை. அழைத்தால் உங்களுக்கும் ஆபத்து. இன்று வீடு திரும்பியதும் எல்லோருமாக ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அது போதும்.

பதினேழாம் பக்கத்தை இந்த மேடையில் நானே பிழை பார்த்துவிட்டேன். ‘அப்போது நாங்கள் சிரித்தோம்.’ பிழை ஒன்றுமில்லை.

இவ்வளவு நேரம் பொறுத்திருந்ததற்கு நன்றி சொல்வது நான். வணக்கம் சொல்லி விடைபெறுவது நாங்கள், நால்வரும்.