ஆறாம் திட்டின் கடைசிக் காட்சி

மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகும் காலை பஸ்ஸில் சாரதி பக்கத்து யன்னலோரம் இருந்தால் மதியம்வரை முகத்தில் வெயில் படாது. பலருக்கு இது தெரிவதில்லை. மற்றப் பக்கம் ஏறி இருந்துவிட்டு வழி முழுக்க யன்னல் சீலையோடு மல்லுக்கட்டுவார்கள்.

மின்விசிறியைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், சேர். சொல்கிறேன். ஆனால் ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும். நான் விஞ்ஞானப் பட்டதாரி. முடிவை முதலில் எழுதிப் பழக்கமில்லை.

எங்கள் வீடு நானாட்டானில். பட்டம் முடித்து அரச நியமனத்துக்காகக் காத்திருக்கிறேன். காத்திருக்கிறவளுக்கு வேறு வேலை இல்லை என்று எல்லோரும் நினைப்பதால், மன்னார் எழுத்தூரில் தனியாக இருந்த புஸ்பம் பெரியம்மாவைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். அவர் அம்மாவின் அக்கா. கலியாணம் செய்யவில்லை. இருதயம் பலவீனம், நெஞ்சில் நீர் கட்டும். கட்டிலை விட்டு எழும்ப ஒருவர் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

பெரியம்மா ஏதும் தேவையென்றால் கூப்பிட மாட்டார். தண்ணீர் குடிக்கும் தகரப் பேணியால் கட்டில் இரும்பில் தட்டுவார். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போனபோது, படகுக்காரன் பெரியம்மாவையும் கூடப் போனவர்களையும் நடுக்கடல் மணல் திட்டொன்றில் இறக்கிவிட்டு, வேறு படகு வந்து ஏற்றும் என்று சொல்லிப் போய்விட்டான். திட்டில் நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. தூரத்தில் படகு தெரிந்தால் கறிச்சட்டியை அகப்பையால் தட்டிக் கூப்பிட்டார்களாம். தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்து ஊர் திரும்பிய பிறகும் அந்தத் தட்டுகிற பழக்கம் அவரை விடவில்லை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பேன், தட்டுவார். முகம் கழுவிக்கொண்டிருப்பேன், தட்டுவார். தாளமில்லாத ஒரு தட்டு.

'ஆறாம் திட்டு' என்ற நாடகமும் அப்படி விடப்பட்டவர்களைப் பற்றியதுதான். ஒரே நடிகை, சுவேதினி. திட்டில் நிற்கும் கிழவர், கர்ப்பிணி, குழந்தை எல்லாம் அவரே. கையில் ஒரு அலுமினியச் சட்டி மட்டும்தான். நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதைத் திறந்தவெளியில் போட்டார்கள். பாதியில் மழை வந்தது, மின்சாரம் போனது, நாடகம் நின்றது. கர்ப்பிணி தண்ணீர் கேட்கிற இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு படகு வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். தெரியாமல் இருப்பது ஒரு வருத்தம். அந்தக் குழு காணொளி எடுக்க விடுவதில்லை. பார்த்தவர்களைக் கேட்டால், "அது பாத்தால்தான் விளங்கும்" என்பார்கள். நான் கூச்ச சுபாவம். மூன்றாவது தடவை கேட்க மாட்டேன்.

பெரியம்மாவைக் கேட்டேன், உங்களுக்குப் படகு எப்படி வந்தது என்று.

"வந்தபடியால்தானே இஞ்ச கிடந்து உன்ர கஞ்சியைக் குடிக்கிறன்" என்றார். "ஏன்டி, கூத்துப் பாக்கக் கொழும்புக்குப் போகோணுமோ? நான் அந்தத் திட்டில நல்லாத்தான் நடிச்சனான். ஒருத்தரும் ரிக்கற் எடுக்கேல்லை."

பகிடி விடுவதில் குறைவில்லை. ஆனால் விபரம் சொல்ல மாட்டார்.

அதன் பிறகு நாடகத்தை யாழ்ப்பாணத்தில் போட்டார்கள். ரிக்கற் எடுத்திருந்தேன். நீக்கிலாஸ் மாமா செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை நாடகம், படம், கொண்டாட்டம் ஒன்றும் கூடாது என்று அம்மா சொன்னார். சரி, அவர் அம்மாவின் கூடப்பிறந்தவர். அடுத்த வருடம் கொழும்பில் போட்டார்கள். அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன் செத்துப்போனார். அவரை ஒரே ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு, "பிள்ளை பள்ளிக்கூடம் போறியோ?" என்று கேட்டார். நான் அப்போது பட்டம் முடித்திருந்தேன். அவருக்காகவும் முப்பத்தொரு நாள் இருந்தேன். எங்கள் குடும்பம் பெரியது. பெரிய குடும்பத்தில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தெரிவு செய்யும் நாட்களைத்தான் சொல்கிறேன்.

இந்த முறைதான் கடைசி மேடையேற்றம் என்று அறிவித்தார்கள். சுவேதினி கனடா போகிறார்.

ஒழுங்குகள் எல்லாம் செய்தேன். தனியாக விட மாட்டார்கள் என்பதால் தம்பி ஜெனோஜனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். "நான் வாறன். ஆனா நித்திரை கொண்டா எழுப்பப்படாது" என்றான். சனிக்கிழமை காலை பத்து மணிபோல அம்மா நானாட்டானிலிருந்து வந்து பெரியம்மாவோடு நிற்பார். அதுவரை பக்கத்து வீட்டு ஸீனத் மாமி வந்து பார்ப்பார். ஓட்டை இல்லாத ஒழுங்கு.

சனிக்கிழமை விடிய, தேநீரும் மருந்துக் குளிசையும் கொண்டு பெரியம்மாவின் அறைக்குப் போனேன். அவர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தார். உதடு நீலம். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் இருந்தது, பிறகு இல்லை. மணிக்கட்டில் நாடி பார்த்தேன். கிடைக்கவில்லை. கழுத்திலும் பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இறந்துவிட்டார் என்று முடிவெடுத்தேன். இருந்த தரவுகளை வைத்து எடுத்த முடிவு.

நான் வாசல் பக்கம் திரும்பியபோது "சோபனா" என்று ஒரு சத்தம் வந்தது. இறந்த உடலின் நெஞ்சிலிருந்து காற்று வெளியேறும்போது தொண்டையில் ஒலி எழும்பும். இது பாடப் புத்தகத்தில் உள்ள விடயம். அந்த ஒலி என் பெயரைப் போல இருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஆஸ்பத்திரி தூரமில்லை என்று சொல்கிறீர்கள். உண்மை, அம்புலன்ஸ் உடனே வந்திருக்கும். போன மார்கழியில் வந்தது. அன்றைக்கும் இதே நீல உதடுதான், இதே சத்தம்தான். வாட்டில் வைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றார்கள். நத்தார்ப் பண்டிகை முடியும்வரை நான் வாட்டுக் கதிரையில் இருந்தேன். பெரியம்மா நல்லாகி வீட்டுக்கு வந்து, கஞ்சியில் உப்புக் காணாது என்றார்.

ஆகவே என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. செத்தால் முப்பத்தொரு நாள். சாகாவிட்டால் வாட்டுக் கதிரை. இரண்டிலும் நாடகம் இல்லை. ஒருநாள் பிந்திச் செத்தால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன். அவரும் கோபிக்கிற நிலையில் இல்லை.

ஒருநாள் பிந்த வேண்டுமென்றால் ஒருவரும் அறைக்குள் போகக் கூடாது. வேலிக்கருகே போய் ஸீனத் மாமியைக் கூப்பிட்டேன். மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அம்மா இரவே வந்திட்டா. உள்ள படுத்திருக்கிறா. நீங்க மினக்கெட வேண்டாம்."

"அப்ப சரி புள்ள. போய்ட்டு வா. கொழும்புல கண்டவன் நிண்டவனோடயெல்லாம் கதைச்சிராத."

நான் யாருடனும் கதைப்பதில்லை என்று மாமிக்குத் தெரியும். தானே சொல்லித் தானே சிரித்தார்.

முன் கதவுக்கு வெளியே ஆமைப்பூட்டைப் போட்டேன். பஸ் நிலையத்திலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ஸீனத் மாமி இன்றைக்கு முழுநாளும் பெரியம்மாவோடு நிற்கிறார், நீங்கள் நாளைக்குப் பூசை முடித்து ஆறுதலாக வாருங்கள் என்றேன். வயலில் நெல் அருவிவெட்டு நடந்துகொண்டிருந்தது. "அது நல்லதாப் போச்சு பிள்ளை" என்றார். இரண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம்.

ஜெனோஜன் முருங்கன் சந்தியில் ஏறினான்.

"பெரியம்மா எப்பிடி?"

"நித்திரை."

"மாமின்ர போனுக்கு எடுத்து அவவோட ஒரு பகிடி விடுவமோ? சுவேதினி எங்கட வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வாறாவாம் எண்டு."

"எழுப்பாதை" என்றேன். அவன் வடையைத் தின்று தூங்கினான்.

அந்தப் பயணத்தில் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. புத்தளம் தாண்டி டயர் வெடித்தது. மாற்று டயருக்கும் காற்றில்லை. வேறு பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம். நான் அவ்வளவு யோசித்துப் பிடித்த யன்னலோரம் வீணாகிப் போனது. கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபத்தைக் கண்டுபிடிக்க, கேட்க வெட்கப்பட்டு, ஒரே வீதியில் மேலும் கீழும் நடந்தோம். உள்ளே போனால் எங்கள் கதிரைகளுக்கு முன்னால் ஒரு தூண். மேடையின் இடப்பாதி தெரியாது. வலப்பாதியைப் பார்க்க நான் ஜெனோஜன்மேல் சாய வேண்டியிருந்தது.

இருந்தாலும் அது பெரிய நடிப்பு, சேர். சுவேதினி மணலில் முழங்காலில் இருந்து சட்டியைத் தட்டினார். முதலில் பலமாக, பிறகு மெதுவாக, பிறகு விரலால் மட்டும். கேட்க ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் தட்டுகிற தட்டு அது. என்னருகில் இருந்த பெண் அழுதார். நானும் அழுதேன். பெரியம்மாவும் தட்டுவார்தான். ஆனால் அதில் கலை இல்லை.

கர்ப்பிணி தண்ணீர் கேட்கும் இடம் வந்தது. நான் முன்பு பார்த்த கடைசி இடம் அதுதான். இனிமேல் வரப்போவது எல்லாம் எனக்குப் புதிது. நாடகம் முடிந்ததும் சுவேதினியிடம் சொல்ல ஒரு வசனம் வைத்திருந்தேன். பல வருடமாகத் திருத்தித் திருத்தி வைத்த வசனம். அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அப்போது ஜெனோஜனின் போன் அதிர்ந்தது. வெளியே போனான். திரும்பி வந்து, குனிந்து என் காதுக்குள் சொன்னான்.

"எழும்பு. பெரியம்மா போட்டா."

"இன்னும் ஒரு காட்சிதான் இருக்கு" என்றேன்.

"அக்கா, பெரியம்மா செத்துப்போனா எண்டு சொல்லுறன்."

"விளங்குது. பத்து நிமிசத்தில என்ன மாறப்போகுது? இரு."

அவன் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தான். கதிரை கிறீச்சிட்டது. முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்து சுவேதினியும் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்த ஒரே தடவை அது. நான் வெளியே வந்தேன். கதவு சாத்திய பிறகு உள்ளே கைதட்டல் கேட்டது. நீண்ட நேரம் தட்டினார்கள். படகு வந்ததற்காகவா, வராததற்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத்தான் என்னைவிடக் கூடத் தெரியும். பின்னேரம் ஸீனத் மாமி அம்மாவுக்கென்று வட்டிலப்பம் கொண்டுவந்திருக்கிறார். கதவில் வெளிப்பூட்டைக் கண்டு அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். நானாட்டானில் வயல் வரம்பில் நின்று அம்மா, "நான் அங்க வரேல்லையே" என்றிருக்கிறார். ஆட்களைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். மாமி கோப்பையில் போட்டுக் கொண்டுவராமல் இருந்திருந்தால் எனக்குக் கடைசிக் காட்சி கிடைத்திருக்கும். நல்ல மனதுள்ளவர்கள்தான் பெரும்பாலும் இடைஞ்சல் தருகிறார்கள்.

பெரியம்மா பின்னேரம்தான் இறந்தார் என்று வைத்தியர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். வைத்தியர்களும் பிழை விடலாம். பகல் முழுக்க வீட்டுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது, பின்னேர அஸர் தொழுகை முடித்து வரும்போது நின்றிருந்தது என்று மாமி சொல்லியிருக்கிறார். அம்மா உள்ளே நிற்கிறார்தானே, பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாராம். இப்போது சோறு தின்னாமல் அழுகிறாராம். அவருக்குச் சொல்லுங்கள், அது மின்விசிறிக் காற்றில் பேணி உருண்டு கட்டில் இரும்பில் பட்ட சத்தமாக இருக்கலாம். அப்படித்தான் நான் விளங்கிக்கொள்கிறேன். அந்த அறையில் அசையக்கூடிய வேறொன்றும் இருக்கவில்லை. ஒரு செத்த மனுஷிதான் இருந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். செத்த மனுஷிக்கு மின்விசிறியை ஏன் போட்டாய் என்று கேட்டீர்கள். பேணி உருளுகிற வேகத்திலா விட்டாய் என்றும் கேட்டீர்கள்.

இல்லை, சேர். இரண்டில்தான் விட்டேன். மூன்றில் விட்டால் பெரியம்மாவுக்குக் குளிரும்.