வியாழக்கிழமைப் பழுது

— சிரிக்காத யுன்ஜு. நெசமாவே ஒரே வரிதான்.

— ஒரே வரியா? ஷிஹுங் சாமி, எங்க கொசு ஆய்வுக்கூடத்துக்கு நீ எழுதிக் குடுத்த குறிப்பே பதினோரு பக்கம். புரோகிராம் ஓடத் தேவையான பேக்கேஜ் இருக்கான்னு பாரு, இல்லன்னா இறக்கு, அது இன்னொண்ணைக் கேட்டா அதையும் இறக்கு, அப்புறம் ஒவ்வொண்ணா கூப்பிடுன்னு. அதைப் படிச்சே பாதிப் பேர் கண்ணாடி போட்டுட்டாங்க.

— அதைத்தான் குப்பையில போடச் சொல்றேன் தாயே. வேணுங்கற பேரையெல்லாம் இந்த ஒரு வரியில வரிசையா எழுது. இருந்தா எடுத்துக்கும். இல்லன்னா அதுவே இறக்கி வச்சு எடுத்துக்கும்.

— அப்ப கணினி மையத்துலேருந்து நீ ஸ்கூட்டர்ல வரவே வேணாமா?

— வேணாம். அதான் இதுல அழகே!

— அழகாம் அழகு. பழைய பதிப்பு கிடந்தா என்ன பண்ணும்?

— உன்னைக் கேட்டுட்டு மாத்தும்.

— நடுவுல நெட் போயிட்டா?

— விட்ட எடத்துலேருந்து இறக்கும். என்ன தாயே, திருடனை விசாரிக்கற மாதிரி கேக்குற?

— கேக்காம? இத்தனை நாளா சர்வரைக் காப்பாத்துறது அது மேல நீ வச்ச பச்சைப் பாக்கெட் சோளப்பொரிதானே. அது கோவிச்சுக்காதா?

— நல்லாக் காப்பாத்துச்சு! வாரா வாரம் வியாழக்கிழமை மத்தியானம் உன் வரைபடப் பேக்கேஜ் மட்டும் காணாமப் போகுது. பாக்கெட்ல தேதி முடிஞ்சிருக்கும்னு நாலு தடவை புதுசு வாங்கி வச்சேன்.

— போன மாசம் யாரோ மஞ்சப் பாக்கெட்டை வச்சிட்டாங்கன்னு நீ குதிச்ச குதி இருக்கே!

— பின்ன? அந்தப் பொரியோட பேருக்கே ‘சமத்து’ன்னுதான் அர்த்தம். மெஷின் சமத்தா ஓடி பச்சை விளக்கு எரியணும்னா பச்சைதான் வைக்கணும். நம்ம தைனான் ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எந்த மடப்பய வச்சான்னுதான் இன்னும் தெரியல.

— நான்தான் வச்சேன்.

— நீயா! எதுக்கு?

— அதை விடு. இப்ப நான் என்ன பண்ணணும்?

— இங்க ஒரு கையெழுத்து. திங்கக்கிழமையிலேருந்து உங்க கூடத்துல இதான் ஓடும். அப்புறம் பழுதுன்னு யாரும் எங்களைக் கூப்பிட வேணாம்.

— போட மாட்டேன்.

— வெளையாடாத. நாலு மாச உழைப்பு. எதுல குறைன்னு சொல்லு, திருத்திடறேன்.

— குறையே இல்ல. அதான் குறை. இது வந்தா நீ வியாழக்கிழமை வர மாட்ட. பழுது பாத்து முடிச்சிட்டு முக்குக் கடையில பால்கெண்டை மீன் கஞ்சி குடிப்போமே, அதுவும் போச்சு. வான்னு வாய் விட்டுக் கூப்பிட எனக்குத் தைரியம் கிடையாது.

— யுன்ஜு...

— பேசி முடிச்சிடறேன், இரு. பாக்கெட் மேல ஒரு தப்பும் இல்ல. பேக்கேஜை அழிச்சது நான்தான். பழி அது மேல போகட்டும்னுதான் மஞ்சளை வச்சேன். வாரா வாரம் பன்னெண்டு மணிக்கு அழிப்பேன்.

— பதினொண்ணு அம்பதுக்கு.

— என்னது?

— பன்னெண்டு இல்ல, பதினொண்ணு அம்பது. யாரு எதை அழிச்சாலும் சர்வர் பேரோட நேரத்தோட எழுதி வச்சிடும். மொத வாரமே பாத்துட்டேன்.

— அடப்பாவி! அப்ப அந்த நாலு பாக்கெட்டு?

— அதை மாத்துறப்ப உன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இந்த வரியை எழுதினியா? வரப் பிடிக்கலன்னா நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். நான் ஒண்ணும் அழுதிருக்க மாட்டேன்.

— இப்ப மட்டும் என்ன பண்ற? கண்ணைத் தொடைச்சுக்கோ. எதையும் அழிக்காமலே இனிமே என்னைக் கூப்பிடு. வாரத்துல ஒரு நாள் உன்னைப் பாக்கறது எனக்குப் பத்தல.