சவுக்குத் தோப்பு வளைவில் நிற்கும் வண்டி

"சாமி மேல தப்பு இல்ல மச்சான், கம்ப்யூட்டர் மேலதான் தப்பு."

செங்கல்பட்டிலிருந்து செய்யூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இதைச் சொன்னவர் மடியில் ஹெல்மெட் மட்டும் இருந்தது. பைக்கை ஷோரூமில் விட்டுவிட்டு வருகிறாராம்.

"இன்னா கம்ப்யூட்டரு?" என்றார் நண்பர்.

"இன்ஜினுக்குள்ள ஒரு பொட்டி கீது. அந்த மாடல் பூரா அதுல கோளாறாம். கம்பெனியே லெட்டர் போட்டு, சும்மாவே மாத்தித் தரான்."

"அப்ப டெய்லி சவுக்குத் தோப்பு வளைவுல நின்னுச்சே?"

"பொட்டி சூடானா நிக்குமாம். எங்க வூட்லேர்ந்து வந்தா அங்கதான் சூடாவுது."

"அதுக்குத்தான் அங்க ஒரு செங்கல்ல நட்டு மஞ்சள் பூசி, கற்பூரம் ஏத்திக்கினு இருந்தியா?"

"மெதுவா பேசுடா. கற்பூரம் எரிஞ்சு முடியறதுக்குள்ள பொட்டி ஆறிப்போயி வண்டி ஸ்டார்ட் ஆயிடும். நான் இன்னாத்த கண்டேன்?"

"இப்ப அதுக்குக் கூரை போட்டுட்டாங்க. ஆடியில கூழு ஊத்தப் போறாங்க. நீதான் விழாத் தலைவரு."

"அதான் பேஜாரு. நாளைலேர்ந்து வண்டி நிக்காம போச்சுன்னா ஊர்ல இன்னா சொல்றது?"

"நீயே ஆஃப் பண்ணிட்டு எறங்கு."

அதற்குள் சவுக்குத் தோப்பு வளைவு வந்துவிட்டது. பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய்க் கூரைக்குக் கீழே கற்பூரம் ஏற்றினார். ஹெல்மெட்காரர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நீ ஏன்டா கும்புடுற?"

"பஸ்ஸுக்கு இன்னும் லெட்டர் வரலியே மச்சான்."