அரிசி வரிசையில் வெள்ளைச் சேலை

ஜப்பான்காரர்கள் எங்கள் தீவை ஆண்ட சமயம். ஜார்ஜ் டவுனில் ரேஷன் அரிசிக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கழுத்தில் சிலுவை போட்ட ஓர் அம்மா. பக்கத்தில், வரிசையை விட்டு ஒதுங்கி, வெள்ளைச் சேலையில் ஓர் இளம்பெண்.

“ஜட்ஜையே சலிக்க வச்சா ஒரு விதவை,” என்றார் அந்த அம்மா அவளிடம்.

“எந்த ஜட்ஜு, அக்கா? லைட் ஸ்திரீட் கோர்ட்லயா?”

“இல்ல தங்கச்சி, இயேசு சொன்ன கதை. அந்த ஜட்ஜு கடவுளுக்கே பயப்படாதவன். இவ விடாம போய் நின்னா. தொல்லை தாங்காம நியாயம் செஞ்சான். நானும் புருஷனைப் பறிகொடுத்தவதான். அந்தக் கதையை நெனச்சுத்தான் தெருவுல இறங்குனேன். நீ ஏன் முதல்ல வந்துட்டு எல்லாரையும் முன்னால விடுற?”

“காலங்காத்தால என் மூஞ்சில முழிச்சா அவங்களுக்கு ஆகாதேக்கா. போன ரெண்டு தடவையும் என் முறை வர்றப்ப அரிசி முடிஞ்சிருச்சு. பிள்ளைங்களுக்கு மரவள்ளிக்கெழங்குதான்.”

“இன்னிக்கு என் முன்னால நில்லு.”

நின்றாள். கடைக்காரர் அளந்து போட்டார். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பியவள், வரிசை முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

“ஒருத்தர்கூட என் மூஞ்சியைப் பாக்கலக்கா,” என்றாள். “எல்லாரும் அரிசியைத்தான் பாத்தாங்க.”